யாதொரு ஆட்சேபனையுமில்லை

1

“நீ படிச்சு எதுல புள்ள சைன் வெக்கப் போற? ஒனக்குச் சைன் வெக்க வாப்பா ஈக்காரு. பொறகு மாப்புள ஈப்பாரு.”

அக்குறணையில் எங்கள் வீட்டு முன்கூடத்துக் கதிரையில் இருந்துகொண்டு மாமி இதைச் சொன்னபோது, நான் சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. கெட்ட மனதோடு சொன்னதல்ல அது. எங்கள் குடும்பத்தில் அதுவரை நடந்து வந்ததைத்தான் சொன்னார். வாப்பா சின்ன வயதிலேயே பாடசாலையை விட்டுக் கண்டிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனவர். பிறகு அக்குறணை டவுனில் வாளியும் பாயும் விற்கும் சிறிய கடையொன்றைப் போட்டார். உம்மா பாடசாலை வாசலை முதன்முதலாகத் தாண்டியது என்னை முதலாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்றுதான்.

நான் சாதாரண தரம் சித்தியடைந்தேன். உயர் தரமும் சித்தியடைந்தேன். எங்கள் குடும்பத்தில் இரண்டையும் செய்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. பெறுபேறு வந்த அன்று வாப்பா கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் வாளியை விற்பதற்கு முன் என் பெறுபேற்றைத்தான் சொன்னாராம்.

இன்று லண்டன் ஹரோவில், மகள் தூங்கி எழுவதற்கு முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் கணவர் நவாஸ், எங்கள் மகள் ஸாராவைத் தனியாக இலங்கைக்குக் கூட்டிப் போகிறார். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவதானால், மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது. கேட்டாலும் கேட்பார்கள், கேட்காமலும் விடுவார்கள். ஆனால் கேட்கும்போது இல்லையென்றால் நிலைமை என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் இதே கடிதத்துக்காக நான் வெள்ளத்தில் இறங்கினேன்.

2

போன வருடம் போனது நானும் ஸாராவும். நவாஸ் வேலை செய்யும் பெட்ரோல் நிலையத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மாவுக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை. பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். திரும்பி வரும் திகதியில்தான் சிக்கல். சனிக்கிழமை விமானத்தில் புறப்பட்டே ஆகவேண்டும். திங்கட்கிழமை காலை எனக்கு மருத்துவிச்சிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. வருடத்தில் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். அந்த விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று விமானக் கம்பனிக்காரர்களாலேயே சொல்ல முடியவில்லை. நாட்டில் யுத்தச் செய்தி கூடினால் சேவையைக் குறைத்துவிடும் காலம் அது.

போகும்போதே முதல் எச்சரிக்கை கிடைத்தது. லண்டன் விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுக்கும் இடத்தில் நின்ற பெண் மிகவும் அன்பானவர். ஸாராவை எட்டிப் பார்த்து, “நீ விமானத்தில் போவது அப்பாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

ஸாரா வாயில் விரலை வைத்து, “இல்லை. அது ரகசியம்” என்றாள்.

நவாஸுக்காக ஊரிலிருந்து ஒரு மர யானை வாங்கி வரப் போகிறோம், அதை அவரிடம் சொல்லக்கூடாது என்று முதல் நாள் நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரகசியம் என்றால் எல்லாமே ரகசியம். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி என்னிடம் கடிதம் கேட்டார். நான் உயர் தரம் படித்தவள், இந்த நாட்டில் எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள், எனக்கென்று ஒரு கடிதம் எழுதி எடுத்து வரத் தோன்றவில்லை.

நல்ல வேளை, வண்டியை நிறுத்தப் போன நவாஸ் அப்போது வந்து சேர்ந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, “யெஸ், யெஸ், டாடி. ஐ ஆம் டாடி” என்று கையை உயர்த்தினார். எல்லோரும் சிரித்து எங்களை உள்ளே விட்டார்கள். மேலதிகாரி மட்டும் போகிற போக்கில் சொன்னார்: “திரும்பி வரும்போது இந்த டாடி அங்கே நிற்கமாட்டாரே, கடிதத்தை எடுத்து வையுங்கள்.”

3

உம்மாவின் கண் நல்லபடி ஆனது. கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது ஸாராவை. இரண்டாவதாகப் பார்த்தது கூரை மூலையிலிருந்த ஒட்டடையை. “ஆரும் கூட்டல்லயா இத?” என்றார். அப்போதே எங்களுக்கு நிம்மதி வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கடித விஷயத்தைச் சொன்னேன். வாப்பாவுக்குக் கோபம் வந்தது.

“ஒன்ட புள்ளய நீ கூட்டிட்டுப் போறதுக்கு ஆர்ட சம்மதம்? களவெடுத்துட்டா போற?”

“அப்படித்தான் வாப்பா சட்டம். சண்டை புடிச்சுப் பிரிஞ்சவங்க புள்ளயத் தூக்கிட்டு ஓடிருவாங்கன்டு பாக்குறாங்க.”

“சண்டையா? நவாஸோடயா? அவர் வாயே தொறக்கமாட்டாரே.”

தங்கை நஸ்லியா இடையில் புகுந்தாள். “தாத்தா ஈக்கும்போது அவர் எப்படி வாயத் தொறக்குற?” எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். லண்டனில் பிறந்த ஸாராவுக்கு, தன் தாயை இன்னொருத்தி தாத்தா என்பது கடைசி வரை பிடிபடவில்லை. அவள் வாப்பாவை ‘கிரேன்டாட்’ என்று கூப்பிட்டாள். வாப்பா அதைத் தன் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் “யெஸ்” என்று பதில் சொன்னார்.

அந்த ஸாரா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: “என்னிடம் யாராவது கேட்பார்களா, நான் போகச் சம்மதமா என்று?” நாங்கள் அவள் தட்டில் இன்னொரு பொரித்த கோழித் துண்டை வைத்தோம்.

மறுநாள் காலையில் வாப்பா வெள்ளைச் சாரமும் சேர்ட்டும் உடுத்துக் கண்டிக்கு பஸ் ஏறினார். எங்கே என்று சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பெரிய உறை. “இந்தா. ஒன்ட கடுதாசி. நவாஸத் தொந்தரவு படுத்தத் தேவையில்ல.”

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜே.பி. எனப்படும் சமாதான நீதவான் ஒருவரிடம் போய், தட்டச்சுக்காரரைப் பிடித்து, ஒரு சத்தியக்கடதாசி அடித்து எடுத்து வந்திருந்தார். ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் ஆங்கிலம். முத்திரை ஒட்டி, அதன் மேல் ஜே.பி.யின் கையெழுத்து, அதன் மேல் ரப்பர் சீல். திரும்பும் வழியில் பள்ளிவாசலில் இறங்கி அங்கேயும் ஒரு சீல் வாங்கியிருந்தார். கடிதம் கல்யாண வீட்டுக் கேக் மாதிரி இருந்தது.

நான் வாசித்தேன். கீழே கையொப்பமிடும் தகப்பனாகிய நான், எனது பிள்ளை பாத்திமா ரிஸ்மியா வெளிநாடு செல்வதற்கு முழுச் சம்மதம் தெரிவிப்பதோடு, அதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையுமில்லை என்று இதனால் சத்தியம் செய்கிறேன்.

பாத்திமா ரிஸ்மியா நான்தான்.

நஸ்லியா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “தாத்தா, நீங்க வயசுக்கு வந்த புள்ளன்டு அவங்களுக்கு விளங்கல்ல போல!”

“அந்த டைப் அடிக்கிறவர் புள்ளட பேர் என்னன்டு கேட்டாரு” என்றார் வாப்பா. “என்ட புள்ளட பேரச் சொன்னேன். வேற ஆர்ட பேரச் சொல்ற?”

“வாப்பா, சம்மதம் வேணும் ஸாராவுக்கு. குடுக்க வேணும் நவாஸ்.”

அவர் கொஞ்ச நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிக்காஹ்வுக்கு நான் சைன் வெச்சது செல்லுபடியாச்சுதானே? ஒனக்குப் பதிலா நான்தானே வெச்சேன். அது செல்லுமென்டா இது ஏன் செல்லாது?”

சிரிப்பு எனக்கு அந்த இடத்தில் நின்றது. அவர் சொன்னது முழு உண்மை. என் திருமணப் பதிவேட்டில் என் கையெழுத்து இல்லை. நான் உள் அறையில் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். முன்கூடத்தில் பதிவாளர் இருந்தார், நவாஸ் இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள். எனக்காக வாப்பா கையெழுத்து வைத்தார். எங்கள் சட்டத்தில் மணப்பெண் கையெழுத்து வைக்க வேண்டுமென்று இல்லை. கல்யாண இனிப்பான வட்டிலப்பம் உள்ளே வந்தபோதுதான் எனக்குத் திருமணம் முடிந்தது என்று தெரியும். உயர் தரம் சித்தியடைந்த பிள்ளை. நன்றாகவே கையெழுத்து வைப்பேன். அன்று அது எனக்கு ஒரு குறையாகக்கூடத் தோன்றவில்லை. எல்லோருக்கும் அப்படித்தானே நடந்தது.

வாப்பாவின் கடிதத்தை உறையில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் அதை மேசையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

4

அன்று பின்னேரமே டவுனில் இருந்த கொமினிகேஷனுக்குப் போனேன். தொலைபேசி, ஃபெக்ஸ், போட்டோக் கொப்பி எல்லாம் ஒரே கடையில். வெளிநாட்டு அழைப்புக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. கதவு சரியாகப் பூட்டாது. வெளியே வாங்குப் பலகையில் சவூதியிலிருந்து வரப்போகும் அழைப்புக்காக நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

நவாஸ் கடுகண்ணாவையில் பேக்கரி வைத்திருந்த குடும்பம். பாண் போடுவதில் கெட்டிக்காரர். எழுத்து வேலை என்றால் எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவார். அதனால் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டியிருந்தது.

“எழுதுறீங்களா? நவாஸ் ஆகிய நான், என் மனைவிக்கு...”

“நான்தானே சம்மதம் தாறது? நீ ஏன் சொல்லித் தாற?”

“நீங்க எழுதினா ‘நலம், நலமறிய ஆவல்’ன்டு தொடங்குவீங்க.”

“நல்லாத்தானே ஈக்கும்.”

“பாஸ்போட் நம்பரப் போடுங்க. ஒங்கட ஃபோன் நம்பரும். வீட்டு நம்பரும் வேல நம்பரும்.”

“வேலைக்கு எடுத்தா மனேஜர் ஏசுவாரு.”

“ஏசட்டும். சைன் மட்டும் இப்ப வெக்காதீங்க, முழுக்க எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க.”

லைன் அலையடித்ததால் நான் கத்தித்தான் பேசினேன். வாங்கில் இருந்த ஒரு பெரியவர் கதவை மெதுவாகத் தட்டினார். “மகள், அந்த மனுசனுக்குக் கொஞ்சம் யோசிக்க டைம் குடுங்க. சம்மதம் கேக்குறீங்களா, ஓடர் போடுறீங்களா?”

வாங்கு முழுக்கச் சிரித்தது. அந்தப் பக்கம் நவாஸுக்கும் கேட்டிருக்க வேண்டும். “அது ஆரு? அவருக்கு என்ட ஸலாம் சொல்லு” என்றார்.

வெள்ளிக்கிழமை ஊரில் ஜும்மா முடிந்த பிறகு, அவருக்கு அது காலை நேரம், அதே கடைக்கு ஃபெக்ஸ் அனுப்புவதாக முடிவானது. சனி விடியற்காலையில் நாங்கள் புறப்படுகிறோம். இடையில் ஒரு இரவு இருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

5

வெள்ளிக்கிழமை காலையில் மழை தொடங்கியது.

அக்குறணைக்காரர்களுக்கு மழை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஓயா, எங்கள் சிற்றாறு. அது டவுனை ஒட்டி ஓடுகிறது. மேலே மலையில் மழை பிடித்தால், கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் கடைக்குள் வந்துவிடும். இதெல்லாம் பழக்கப்பட்ட வேலை. கீழ்த் தட்டில் இருப்பவை மேல் தட்டுக்குப் போகும், மேல் தட்டில் இருப்பவை மாடிக்குப் போகும். வாப்பாவின் கடையில் அந்தத் தொந்தரவும் குறைவு, வாளிகள் மிதக்கும். அவற்றை ஒரு கயிற்றில் கட்டிவிட்டு அவர் ஜும்மாவுக்குப் போய்விட்டார்.

நான் தொழுகை முடியும் நேரம் பார்த்துப் போனபோது வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொமினிகேஷன் வாசலுக்குப் போனேன். கரண்ட் இல்லை. கடைக்கார நாநா மேசை மேல் ஏறி நின்று, ஃபெக்ஸ் மெஷினை ஷொப்பிங் பையில் சுற்றி மேல் ராக்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மாமியின் மகன் வழியில் அவர் எனக்கும் நாநா, அண்ணன் முறைதான்.

“நாநா, எனக்கு ஃபெக்ஸ் வரும்!”

“வரட்டும் தங்கச்சி. நீந்தி வருமா?”

நான் அழும் நிலையில் நிற்பதைக் கண்டு அவரே இறங்கி வந்தார். “கண்டிக்குப் போங்க. மேட்டு வழியாச் சுத்திப் போனா ரோட்டுக்கு ஏறலாம். குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரெண்டு மூணு கொமினிகேஷன் ஈக்கி. இருட்ட முந்திப் போங்க.”

ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்த வாப்பா, நான், விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்ட ஸாரா, மூன்று பேரும் ஒரு த்ரீவீலரில் ஏறினோம். வீதியில் ஓடிய தண்ணீரைப் பார்த்து ஸாரா கைதட்டினாள். அவளுக்கு இலங்கையில் மிகவும் பிடித்த நாள் அதுதான்; இப்போதும் ஹரோவில் மழை பெய்தால், “தண்ணீர் ஏன் வீட்டுக்கு வரவில்லை?” என்று கேட்பாள்.

குட்ஷெட் பக்கத்தில் நாங்கள் நுழைந்த கடையில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கண்டியில் அறை எடுத்து இருக்கும் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நவாஸின் வேலைத்தளத்துக்கு அழைத்தேன்.

“நான் அனுப்பிட்டே ஈக்கேன்” என்றார் அவர். “அங்க ஆரும் எடுக்குறாங்க இல்ல.”

“மெஷின் ராக்கையில ஈக்கி. இந்த நம்பருக்கு அனுப்புங்க. இப்பவே.”

மெஷின் மணி அடித்தது. கடிதம் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக வந்தது. நவாஸ் ஆகிய நான் என்று வந்தது. மகளின் பெயர் வந்தது. பாஸ்போட் நம்பர் வந்தது. எனக்குச் சம்மதம் என்று வந்தது. பிறகு மெஷின் ஒரு சத்தம் போட்டு நின்றது. கையெழுத்து வரவில்லை. கடதாசிச் சுருள் முடிந்துவிட்டது.

“ஐயோ அக்கா, ரோல் முடிஞ்சுபோச்சு” என்றாள் அவள். “நில்லுங்கோ, பக்கத்துக் கடையில கேட்டு வாங்கிக்கொண்டு வாறன். லைனை வையாதேங்கோ எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ.”

மழையில் குடையும் இல்லாமல் ஓடினாள். பக்கத்துக் கடை பூட்டிவிட்டது. அடுத்ததற்கும் அடுத்ததற்கும் போய், கடைசியில் ஒரு சுருளைத் தாவணிக்குள் மறைத்து நனையாமல் கொண்டுவந்தாள். அதை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “இந்தக் கடிதங்கள் எங்களிட்ட நிறைய வருது அக்கா. எங்கட ஆக்கள் பிள்ளையளை மாமா, சித்தப்பா வீட்டை வெளிநாட்டுக்கு அனுப்பேக்க உதுதான் கேக்கிறவை.”

“ஒங்க வீட்டுலயும் அனுப்புறீங்களா?”

“ஓம். தங்கச்சியை. கனடாவில மாமா இருக்கிறார், எல்லாம் சரி. அப்பான்ர கையெழுத்துத்தான் கேக்கினம்.” அவள் மூடியை அழுத்தி மூடினாள். “அப்பா எங்க இருக்கிறார் எண்டு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருசமாத் தேடுறம். ஆரிட்டப் போய்க் கையெழுத்து வாங்கிறது?”

வாப்பா மேசைக்குக் கிட்ட வந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்து ஜே.பி.யின் இடத்தைச் சொல்லி, “ஒங்கட உம்மாவக் கூட்டிட்டுப் போங்க மகள். உள்ளத உள்ளபடி சொல்லி ஒரு சத்தியக்கடதாசி அடிக்கச் சொல்லுங்க. அந்த மனுசன் நல்லவர். ஆனா பேரச் சரியாச் சொல்லிருங்க, என்னப்போல சொல்லிராதீங்க” என்றார். அவள் சிரித்தாள். அந்தத் தங்கச்சி கனடா போய்ச் சேர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. இதை வாசிப்பவர்களில் அந்தக் கடைப் பெண்ணும் ஒருத்தியாக இருந்தால், நான் அவளை நினைத்துக்கொள்வதுண்டு என்று தெரிந்துகொள்ளட்டும். அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்த சுருளில்தான் நவாஸின் கையெழுத்து வந்தது.

6

சனிக்கிழமை சுபஹு தொழுகை முடிந்ததும் வேனில் புறப்பட்டோம். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. நவாஸின் வீட்டார் வீதியோரம் காத்து நின்று, ஒரு பெட்டி பணிஸைச் சன்னல் வழியாகத் திணித்தார்கள். வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும் வாப்பா அடையாள அட்டையோடு தன் சத்தியக்கடதாசியையும் காட்ட வேண்டும் என்றார். நான்தான் விடவில்லை.

கட்டுநாயக்கவில் பயணிகளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாத காலம். வெளிவாசலில் வேனை நிறுத்திவிட்டார்கள். வாப்பா ஸாராவின் தலையில் கையை வைத்து ஓதி ஊதினார். என்னிடம், “என்டதயும் காட்டு. இல்லாட்டி எனக்கு மனசு கேக்காது” என்றார்.

குடிவரவு மேசையில் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. பிள்ளையின் தகப்பனின் கடிதம் எங்கே என்று கேட்டார். கைப்பையில் இருந்தவற்றை அப்படியே எடுத்து வைத்தேன். வாப்பாவின் உறைதான் மேலே இருந்தது. சீல்களைக் கண்டதும் அவர் அதைத்தான் முதலில் விரித்தார்.

வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

“நங்கி, உங்களுக்கு என்ன வயது?” என்று, தங்கச்சியை அழைப்பது போல, சிங்களத்தில் கேட்டார்.

“அது என் தகப்பனார் தந்தது. மற்றதைப் பாருங்கள்.” ஃபெக்ஸை, ஸாராவின் பிறப்புச் சான்றிதழை, நவாஸின் பாஸ்போட் பிரதியை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தேன். என் நேர்முகத் தேர்வுக் கடிதத்தையும் கேளாமலே வைத்தேன். அவர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஃபெக்ஸ் என்றால் மூலப் பிரதி இல்லையே என்றார். மூலப் பிரதி லண்டனில் இருக்கிறது, எழுதியவரும் அங்கேதான் இருக்கிறார், இதோ அவருடைய தொலைபேசி எண்கள் என்றேன். நேற்று அக்குறணையில் வெள்ளம் என்றேன். ராக்கையில் ஏறிய மெஷினைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அவர் கையை உயர்த்தினார். “போதும், போதும். பிள்ளைக்கு மட்டும்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள். தாய்க்கும் சேர்த்துக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்.” சிரித்துக்கொண்டே ஸாராவின் பாஸ்போட்டில் முத்திரை குத்தினார். பிறகு என்னுடையதைத் திறந்தார்; அதற்குள் இருந்த புறப்பாட்டு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

“தகப்பன் கையெழுத்து வைத்திருக்கிறார். கணவன் வைத்திருக்கிறார். ஜே.பி. வைத்திருக்கிறார். பள்ளிவாசலும் வைத்திருக்கிறது. நீங்கள் வைக்கவில்லையே, நங்கி.”

உண்மைதான். எல்லாப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டு, கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அவர் தன் பேனையையே தந்தார். வைத்தேன்.

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வில், நெருக்கடியான ஒரு நேரத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளத்தில் தொடங்கி ஃபெக்ஸ் சுருள் வரை சொன்னேன். அவர்கள் எதிர்பார்த்தது வேறு மாதிரியான பதில் என்று நினைக்கிறேன். ஆனாலும் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

7

இப்போது என் முதல் வருடம் முடிகிறது. அடுத்த மாதம் பரீட்சை, அதனால் என்னால் ஊருக்குப் போக முடியாது. நஸ்லியாவுக்கு நிக்காஹ். நவாஸும் ஸாராவும் போகிறார்கள். சம்மதம் கொடுக்க வேண்டியவள் இம்முறை நான்.

நவாஸ் கடிதத்தை வாசித்துவிட்டு, “ஃபோன் நம்பர் ரெண்டும் ஈக்கி. ஆஸ்பத்திரி நம்பருமா?” என்றார்.

“எடுத்தா ஏசுவாங்க. ஏசட்டும்.”

ஸாரா தானும் எழுதவேண்டும் என்று அடம்பிடித்தாள். என் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்குக் கீழே தன் பெயரைப் பச்சை நிறத்தில் எழுதி, “எனக்கும் சம்மதம்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். போன வருடம் அவள் கேட்டதற்கு இப்போதாவது பதில் கிடைத்ததே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாப்பாவோடு பேசினேன். மாமியும் பக்கத்தில் இருந்தார்.

“கடுதாசி ஆர் குடுக்குற?” என்று வாப்பா கேட்டார்.

“நான்தான்.”

“நீ சைன் வெச்சாப் போதுமா? ஆம்புளக்கு?”

“போதும் வாப்பா. நான் வெக்காட்டி அவரப் போக விடமாட்டாங்க.”

வாப்பா அதை அப்படியே மாமிக்குச் சொன்னார். பிறகு மாமியின் குரல் கேட்டது. “என்னவாம்? இவ சைன் வெக்காட்டி மருமகன் வர ஏலாதாமா?” அதை அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை குரலில் சிரிப்பு இருந்தது.

அதற்குப் பிறகுதான் நஸ்லியா தொலைபேசியை வாங்கி, மூலைக்குப் போய் மெதுவாகக் கேட்டாள். “தாத்தா, பதிவுப் புத்தகத்துல நானும் சைன் வெக்கலாமா? வெக்கத் தேவயில்லன்டு தெரியும். வெச்சாக் குத்தமான்டு பதிவாளர்ட்டக் கேட்டேன். குத்தமில்ல, ஒங்கட வாப்பா ஓம் என்டா வெக்கலாம்ன்டாரு. வாப்பாட்டக் கேக்கப் பயமா ஈக்கி.”

இன்று காலை நானும் நவாஸும் ஸாராவும் ஹரோவில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் முன்னிலையில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். அவர் தன் சீலைப் போட்டார். பிறகு நான் இன்னொரு தாளை நீட்டினேன். தமிழில் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, இது என்ன என்று கேட்டார். என் தங்கையின் திருமணத்துக்கான கடிதம், என் தகப்பனாருக்கு, இதற்குச் சட்டப்படி எந்தப் பெறுமதியும் இல்லை என்றேன்.

“அப்படியானால் என் சீல் எதற்கு?”

“சீல் இல்லாவிட்டால் என் தகப்பனார் நம்பமாட்டார்.”

அவர் நவாஸைப் பார்த்தார். நவாஸ், “யெஸ், யெஸ்” என்றார். என் கையெழுத்துக்குத் தான் சாட்சி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, வழக்கறிஞர் சிரித்துக்கொண்டு பக்கத்தில் சீலைக் குத்தினார். கொஞ்சம் சரிவாக விழுந்தது. பரவாயில்லை என்று இன்னொன்றும் குத்தினார்.

இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு நவாஸின் சேர்ட் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டேன். விமானம் புறப்பட்டு இப்போது ஒரு மணித்தியாலம் ஆகிறது. மேல் தாள் அதிகாரிகளுக்கு. கீழ்த் தாளில் வாப்பாவின் கடதாசியில் இருந்த வசனத்தையே எடுத்துப் போட்டிருக்கிறேன்:

கீழே கையொப்பமிடும் பாத்திமா ரிஸ்மியா ஆகிய நான், எனது தங்கை நஸ்லியா தனது திருமணப் பதிவில் தன் கையாலேயே கையொப்பமிடுவதற்கு முழுச் சம்மதம் தெரிவிப்பதோடு, அதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையுமில்லை என்று இதனால் சத்தியம் செய்கிறேன்.